‘நீ பார்த்திருப்பாய் என்று நினைத்தேன்’: இருவராக இத்தாலி போகிறவர்கள் செய்யும் தவறுகள்

புளோரன்சிலிருந்து பீசாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். பாதி வழியில் பரிசோதகர் வந்தார். எங்கள் இரண்டு டிக்கெட்டுகளையும் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு டிக்கெட்டின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். தேதியும் நேரமும் அங்கே அச்சாகியிருக்க வேண்டும். வெறும் காகிதமாக இருந்தது. நான் தோழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். “நீ பார்த்திருப்பாய் என்று நினைத்தேன்” என்று இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொன்னோம். அபராதமும் ஆளுக்கு ஒன்று.

இத்தாலியில் உள்ளூர் ரயில்களுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் அதில் முத்திரை பதிக்க வேண்டும். நடைமேடையிலோ அதற்குப் போகும் வழியிலோ சிறிய இயந்திரம் ஒன்று பொருத்தியிருப்பார்கள். அதில் செருகினால் தேதியும் நேரமும் விழும். முத்திரை இல்லாத டிக்கெட்டைத் திரும்பவும் பயன்படுத்தலாம் என்பதால், காசு கொடுத்து வாங்கியதேயானாலும் பரிசோதகர் அதை ஏற்க மாட்டார். கைபேசியில் வாங்கியதென்றால் ஏறுமுன் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். இருக்கை எண்ணோடு வரும் அதிவேக ரயில் டிக்கெட்டுக்கு இந்த வேலை கிடையாது. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். ரோமிலிருந்து புளோரன்சுக்கு அதிவேக ரயிலில் எதுவும் செய்யாமல் ஏறி உட்கார்ந்தவர்கள், மறுநாள் பீசா ரயிலிலும் அப்படியே ஏறி உட்காருகிறார்கள். நாங்கள் செய்ததும் அதுதான்.

தனியாகப் போகிறவர் எல்லாவற்றையும் தானே பார்த்தாக வேண்டும் என்ற பயத்தில் இரண்டு முறை பார்க்கிறார். இருவராகப் போனால் அந்தப் பயம் பாதியாகிறது, கவனமும் கூடவே பாதியாகிறது. நான் சேர்த்துவைத்திருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இத்தாலியைத் தெரியாததால் வந்தவை அல்ல. இருவருக்கும் நடுவில் விழுந்து தொலைந்தவை.

முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி விமான டிக்கெட், மற்றவள் அருங்காட்சியகம் என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருத்தி போட்ட தேதியை மற்றவள் சரிபார்க்காமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை வத்திக்கான் அருங்காட்சியகத்தின் மூடிய கதவு முன் நிற்க நேரிடும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் அது திறந்திருக்கும், அதுவும் மதியம் வரை, இலவசமாக. அன்று வரிசையைப் பார்த்தால் மூடியிருக்கும் ஞாயிறே மேல் என்று தோன்றும். புளோரன்சில் உஃபீசி கலைக்கூடத்துக்கும், மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கும் அக்காதேமியாவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு ரோம், திங்கள் புளோரன்ஸ் என்று திட்டம் போட்டவர்கள் இரண்டு ஊரிலும் வாசலைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். மிலானில் லியனார்டோவின் ‘கடைசி இராவுணவு’ ஓவியம் இருக்கும் கூடத்துக்குள் ஒரு குழுவுக்கு 15 நிமிடம்தான் அனுமதி. நேரே போய் நின்று டிக்கெட் வாங்கலாம் என்ற நம்பிக்கையோடு மிலானுக்குப் போகாதீர்கள்.

ரோமின் பழைய வட்டரங்கமான கொலோசியத்துக்கு 2023 அக்டோபர் முதல் பெயர் பொறித்த டிக்கெட். வாசலில் அடையாளச் சான்றோடு ஒப்பிடுவார்கள். தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குத் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் அது அப்பாவின் முழுப்பெயராக விரிந்து கிடக்கும். தோழிக்கும் சேர்த்து நீங்கள் பதிவு செய்யும்போது, பள்ளி வருகைப் பதிவேட்டில் கூப்பிட்ட பெயரைப் போட்டுவிடுவீர்கள். அவளுடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து எழுத்தெழுத்தாக நிரப்புங்கள். இருபது வருடப் பழக்கத்தை இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம்.

முன்பு போய்வந்த உறவினரின் அறிவுரையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனுக்குள் இலவசமாக நுழைந்த காலம் 2023 ஜூலையோடு முடிந்தது. அதே ஊரின் ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார 2019 முதல் தடை. வெனிசுக்கு ஒரு நாள் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ரயில் நிலையத்தில் இன்னொரு பொறி. பலகையில் நீங்கள் இறங்கும் ஊரின் பெயர் பெரிதாக இருக்காது. ரயில் போய்ச் சேரும் கடைசி ஊர்தான் இருக்கும். புளோரன்சுக்குப் போகும் ரயில் ‘மிலானோ’ என்றோ ‘வெனேட்சியா’ என்றோ நிற்கும். அந்தப் புளோரன்சே அங்கே ‘ஃபிரென்ட்சே’. ஊர்ப்பெயரைத் தேடாமல் ரயில் எண்ணைத் தேடுங்கள். நிலையத்தின் முழுப்பெயரையும் பாருங்கள். வெனிஸ் என்று நினைத்து மெஸ்த்ரேயில் இறங்கினால் அது நிலப்பகுதி ஊர். தண்ணீரைப் பார்க்க இன்னும் பத்து நிமிட ரயில் பயணம், சாந்தா லூச்சியா வரை. பொம்பெய் இடிபாடுகளுக்கு நேபிள்சிலிருந்து போகிறவர்கள், ‘பொம்பெய் ஸ்காவி’ என்ற பெயர் கொண்ட நிலையத்தில் இறங்கினால் வாசல் பக்கத்திலேயே இருக்கும். வெறும் ‘பொம்பெய்’ வேறு நிலையம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களில் குறைந்தபட்ச சேவை இருக்கும்.

காரை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரே வரி: பழைய நகரப் பகுதிகளுக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படமெடுக்கும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

முகவரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஒரே பெரிய சண்டை அதில்தான் வந்தது. புளோரன்சில் ஒரே தெருவில் இரண்டு வரிசை எண்கள் ஓடும். வீடுகளுக்கு நீலம் அல்லது கறுப்பு, கடைகளுக்குச் சிவப்பு. இரண்டும் தனித்தனியாக எண்ணப்படுவதால் சிவப்பு 32-ம் நீல 32-ம் அடுத்தடுத்து இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சிவப்பு எண்ணுக்குப் பின்னால் சிறிய ‘ஆர்’ எழுத்து ஒன்று ஒட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் இரவு எட்டு மணிக்கு, பசியோடு, யாரோ ஒருவர் வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினோம். வெனிசில் இன்னும் மோசம். அங்கே எண்கள் தெருவுக்குத் தெரு இல்லை. ஆறு பேட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடர் எண், ஆயிரக்கணக்கில் போகும். பேட்டைப் பெயரும் எண்ணும் மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியை இழுத்தபடி நடந்தோம். பாலத்துக்குப் பாலம் படி. சக்கரம் வைத்த பெட்டி படியில் வெறும் சுமை. நான்காவது பாலத்தில் தோழி பெட்டியை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். எந்தப் படகுத்துறையில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்று தங்குமிடத்தாரிடம் முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டே பாலம்தான்.

சாப்பாடும் காசும். இத்தாலிய மொழியில் பில்லை ஆளுக்குச் சமமாகப் பிரிப்பதை ‘ரோமானிய முறையில் கட்டுவது’ என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஒருத்தி சைவம், இன்னொருத்தி கடல்மீனும் ஒயினும் என்றால் மூன்றாம் நாளே அந்த அழகு போய்விடும். எங்களுக்குச் சரிப்பட்டது பொதுப்பை: ரயில், அறை, தண்ணீர், நகரப் பேருந்து ஆகியவை பையிலிருந்து, தட்டில் விழுவது அவரவர் கணக்கு. பில்லில் ‘கோப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு ஓரிரண்டு யூரோ கூடுதலாக இருந்தால் ஏமாற்று என்று கொதிக்க வேண்டாம், அது மேசைக்கட்டணம். உணவுப் பட்டியலிலேயே அச்சிட்டிருக்கும். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் பல இடங்களில் அதிகம். வெறும் ‘காஃபே’ என்று கேட்டால் இரண்டு மிடறு கறுப்பு டிகாஷன் வரும். பில்டர் காபி நாக்கோடு ‘லாத்தே’ கேட்டால் ஒரு டம்ளர் பால் மட்டும் வரும். நமக்கு வேண்டியது காப்புச்சீனோ. காலை பதினொரு மணிக்கு மேல் அதைக் குடிக்கக் கூடாது என்று மிரட்டுகிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள், யாரும் கைது செய்ய மாட்டார்கள்.

சைவர்களுக்கு: ‘மரினாரா’ பீட்சா பெயரைக் கேட்டு மீன் என்று ஒதுக்காதீர்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான், பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. ‘பெப்பெரோனி’ என்றால் அங்கே குடமிளகாய். கார்போனாரா, அமாத்ரிச்சானா என்ற பாஸ்தாக்களில் பன்றி இறைச்சி உண்டு. மாலை நான்கு மணிக்குப் பசித்தால் பல உணவகங்களில் அடுப்பே எரியாது; ஏழு, ஏழரைக்குத்தான் திறப்பார்கள்.

எல்லா டிக்கெட்டும் ஒரே கைபேசியில், இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே பையில் என்று வைப்பது சோம்பேறித்தனம். ரோமில் தெர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ம் எண் பேருந்து, பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது. ஒரு பை போனால் இருவர் பயணமும் போச்சு.

கடைசியாக, எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிவது. அவளுக்குப் போத்திச்செல்லியின் ஓவியங்கள் முன் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், எனக்குத் தோல் பை வாங்கச் சந்தைக்குப் போக வேண்டும். முதல் நாள் இருவரும் விட்டுக்கொடுத்து இரண்டையும் அரைகுறையாகப் பார்த்தோம். மறுநாள் பிரிந்து போனோம். ஐந்து மணிக்கு ‘டுவோமோ பக்கம்’ சந்திப்பதாக ஏற்பாடு. அது எவ்வளவு பெரிய தேவாலயம் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. அவள் முகப்பில், நான் குவிமாடத்தின் பின்னால், நாற்பது நிமிடம். அதற்கு அடுத்த நாள், தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் ஞானஸ்நானக் கூடத்தின் தங்கக் கதவு என்று சொல்லிவைத்தோம். சிற்பி கிபெர்த்தி செய்த மூலக்கதவுகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, வாசலில் இருப்பது நகல்தான். ஆனாலும் அந்த நிறத்தில் அங்கே வேறு கதவு கிடையாது. ஐந்து மணிக்கு நான் நின்றேன். ஐந்தே காலுக்கு அவள் வந்தாள், இரு கையிலும் ஜெலாட்டோ, எனக்கான பிஸ்தா அவள் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.