தூத்துக்குடி அனல்மின் நிலையம்: உப்பளத்தில் நின்று படம் எடுங்கள்

அனல்மின் நிலையத்தைப் படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கு எதிரே பைக்கை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து நாலு கிளிக் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அதற்குள் காவலரும் வந்து விசாரித்துவிடுவார். இவ்வளவு பாடுபட்டும் படத்தில் புகைபோக்கி ஒரு பைப்பு மாதிரிதான் தெரியும், பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லையே! 210 மெகாவாட் அலகுகள் ஐந்து வைத்துக் கட்டிய நிலையம், முதல் அலகு 1979இல் ஓடத் தொடங்கியது. அந்தப் பிரம்மாண்டம் படத்தில் வரவேண்டுமென்றால் முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

அதற்கு முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கத்து உப்பளங்கள்தான் சரி. அங்கிருந்து பார்த்தால் நிலையம் கிழக்கே இருக்கும். விடியும்போது சூரியன் புகைபோக்கிக்குப் பின்னால் வரும், கருத்த உருவம்தான் கிடைக்கும். நாலு மணிக்கு மேல் வெயில் உங்கள் முதுகில் விழும். புகைபோக்கியும் உப்பு அம்பாரமும் (உப்புக் குவியல்) சேர்ந்து ஒளிரும். ஆனால் அளத்து வேலை இருட்டோடு தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். ஆள் வேண்டுமென்றால் காலை, கட்டடம் வேண்டுமென்றால் மாலை. என் ஓட்டு காலைக்கு.

பக்கத்தில் போய் வைட் லென்ஸ் போடாதீர்கள். தள்ளி நின்று 200 மி.மீ. டெலி லென்ஸ் போட்டால், உப்பு வாருகிற அக்காவின் தலைக்கு மேலேயே புகைபோக்கி வந்து நிற்கும். போனில் எடுப்பவர்கள் அதிலுள்ள டெலி லென்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் உப்பும் வானமும் மாவாகிவிடும்.

உப்பின் வெள்ளை கேமராவை ஏமாற்றும். தானியங்கியில் விட்டால் அம்பாரம் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 வரை ஏற்றிப் பாருங்கள், ஆனால் உப்பின் மேல் வெளுத்துப்போகிற இடம் வந்தால் உடனே இறக்குங்கள். போலரைசர் (கூச்சம் குறைக்க லென்ஸில் மாட்டிச் சுற்றுகிற ஃபில்டர்) மாட்டியிருந்தால் கவனம்: பாத்தித் தண்ணீரின் கூச்சத்தை எடுக்கிற அதே சுற்று, தண்ணீரில் தலைகீழாக நிற்கிற புகைபோக்கியையும் அழித்துவிடும். அந்த நிழல் காற்று எழும்புமுன் மட்டும்தான் கிடைக்கும். ஆடி மாதக் கச்சான் காற்றில் எதிர்பார்க்கவே வேண்டாம். அந்தக் காற்றில் லென்ஸ் மாற்றவும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் லேசாக நனைத்த துணியால் கேமரா உடம்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள்; உப்பு சும்மா விடாது.

மழைக்காலத்தில் வாருதல் கிடையாது. அம்பாரத்தை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடியிருப்பார்கள். ஆள் இல்லாத, வானம் நிறைந்த படங்கள் வேண்டுமென்றால் அப்போது வரலாம்.

அளத்துக்குள் இறங்குமுன் அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் கேளுங்கள். "அண்ணாச்சி, வரப்பு மேலேயே நின்னு எடுத்துக்கிடட்டுமா?" என்றால் பெரும்பாலும் தலையாட்டுவார். பாத்திக்குள் கால் வைத்தால்தான் கோபம் வரும், சேறு கலங்கினால் உப்பு அழுக்காகும் அல்லவா? அக்காமார் "எங்களப் போயி எதுக்குத் தம்பி எடுக்கிய?" என்பார்கள். முதலில் கேமராவைத் தொங்கவிட்டுப் பேசுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் எடுக்கவும், இந்தப் பக்கம் ட்ரோன் விடவும் நினைக்காதீர்கள்.

எடுத்த படத்தை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்குமுன் லேமினேட் செய்துவிடுங்கள், உப்புக் கையில் சாதா பிரிண்ட் தாங்காது.