மாளிகைமேட்டில் இல்லாத மாளிகையைப் பார்க்க

"அரண்மனை எங்க சார்?" கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் வருஷா வருஷம் இந்தக் கேள்வி வரும். தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் போல நடத்தி மாளிகைமேட்டில் நிறுத்துவேன். செங்கல் வரிசைகளைப் பார்த்ததும் முகம் தொங்கிவிடும். ராஜேந்திர சோழன் வீடாயிற்றே!

அதனால் இப்போதெல்லாம் வழியிலேயே ஊர்ப் பெயர்களைச் சொல்லவைத்துவிடுகிறேன்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாதுதான். ஆனால் ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டு இங்கே 'சோழகேரளன் திருமாளிகை' இருந்ததாகச் சொல்கிறது. 1980 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது சுவரும் கிடைத்தது.

மேட்டில் நின்றதும் சுவர் இல்லாத இடத்தைப் பாருங்கள். செங்கல்லைப் பெயர்த்து எடுத்துப்போனால் சுவர் இருந்த தடத்திலேயே நீளமாய் ஒரு பள்ளம் விழும். உதிரி மண்ணும் உடைசலும் அதை நிரப்பும். பக்கத்து மண் இறுகியிருக்க, இது மட்டும் பொலபொலவென்று இருக்கும். அந்தக் கோடுதான் சுவர்.

அடுத்து, கருங்கல் பீடங்கள். தூண்கள் மரமாக இருந்திருக்க வேண்டும், மக்கிப் போயின. ஒரு பீடத்திலிருந்து அடுத்ததற்குக் காலடியால் அளந்தால் கூடத்தின் அகலம் பிடிபடும்.

எனக்குப் பிடித்தது கூரைதான். சின்னச் சின்னத் தட்டை ஓடுகளை நைசான சுண்ணாம்புச் சாந்தில் பல அடுக்காகப் பதித்திருக்கிறார்கள். உடைந்த ஓட்டின் இரண்டு பக்கமும் சாந்து ஒட்டியிருந்தால், அது அடுக்கின் நடுவில் இருந்தது என்று அர்த்தம். நம் வீட்டு நாட்டு ஓட்டில் இது இருக்காது. இரும்பு ஆணிகளும் பட்டைகளும் கூடக் கிடைத்தன. சீனப் பீங்கான் சில்லுகள் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அங்கே யார் சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்லும்.

எதையும் எடுக்காதீர்கள். முதல் வருஷம் நானே ஒரு சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எந்த இடம், எந்த ஆழம் என்று ஒரு பையன் கேட்டபோது பதில் இல்லை. மேசை டிராயரில் அது இன்னும் கிடக்கிறது, வெறும் ஓட்டாஞ்சில்லாக.

உங்கள் ஊர் மேட்டில் இப்படி ஏதாவது தென்பட்டால் படம் எடுத்து, பக்கத்து வயலின் அடையாளத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குள் போங்கள். சாய்ந்த வெயிலில்தான் தரையின் ஏற்ற இறக்கம் நிழலாக விழும்.