டென்ஷனில் தொண்டை கட்டுதா டீச்சர்?

இன்ஸ்பெக்‌ஷன், பரீட்சை நேரங்களில் தொண்டை கட்டுவதற்குக் கத்திப் பாடம் நடத்துவது மட்டும் காரணமில்லை. டென்ஷனில் கழுத்தும் தாடையும் இறுகும்போது குரல்வளைத் தசைகளும் சேர்ந்து இறுகும், மூச்சும் மேலோட்டமாகிவிடும். அதே சத்தத்துக்குக் கூடுதல் உழைப்பு.

பீரியட் மாறும் இடைவெளியில் இதைச் செய்து பாருங்கள். பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா நுனியை இரண்டு விரல்கடை மூழ்கவிட்டு, தோளைத் தளர்த்தி, 'ஊ' என்று ஒலித்தபடியே குமிழி விடுங்கள். ஒரு நிமிஷம் போதும். குரல்நாண்கள் அழுத்தமாக மோதிக்கொள்வது குறையும். ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடிக்கடி செருமாதீர்கள், செருமல் வந்தால் ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள். கரகரப்பு 3 வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.