தொடங்கிய வருசம் வேறு, பட்டம் கொடுத்த வருசம் வேறு

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் என் மாமா போன மே மாதம் வழவழப்பான ஒரு கையேட்டை நீட்டினார். "மாப்ளே, நெம்பப் பழைய யுனிவர்சிட்டியாமா. பாப்பாவைச் சேர்த்து உட்டரலாமா?" அட்டையில் கொட்டை எழுத்தில் ஓர் ஆண்டு போட்டிருந்தது. அந்த ஆண்டில் அது பல்கலைக்கழகமே இல்லை, வேறொரு பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கல்லூரி.

கையேடு பார்ப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். தனியார் நிறுவனங்கள் பல, கல்லூரியாகத் தொடங்கி, பிறகு 1956-ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 3-ஆம் பிரிவின்கீழ் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனவை, அதாவது தாமே பட்டம் தரும் உரிமை பெற்றவை. கோவையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவினாசிலிங்கம் 1957-இல் பெண்களுக்கான மனையியல் கல்லூரியாகத் தொடங்கியது. நிகர்நிலை ஆனது 1988-இல். காருண்யா 1986, நிகர்நிலை 2004. எட்டிமடையில் அமிர்தாவின் பொறியியல் கல்லூரி 1994, நிகர்நிலை 2003. இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. ஆனால் 1990-களில் காருண்யாவில் பி.இ. முடித்தவரின் சான்றிதழில், அந்தக் கல்லூரி அப்போது இணைந்திருந்த பாரதியார் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். அதைப் பார்த்து 'போலிச் சான்றிதழோ' என்று பதறுகிறவர்களும் உண்டு, 'அப்போதிருந்தே யுனிவர்சிட்டி' என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு.

இதற்கு நேரெதிரான குழப்பமும் நம்மூரில் உண்டு. பி.எஸ்.ஜி. டெக் தன்னாட்சிக் கல்லூரி, பாடத்திட்டமும் தேர்வும் அதன் கையில். பட்டத்தை அண்ணா பல்கலைக்கழகம் தருகிறது. அது 'யுனிவர்சிட்டி' இல்லை என்பதால் ஒரு படி கீழே என்று நினைப்பது அசட்டுத்தனம். (பி.எஸ்.ஜி. என்ற பெயருக்குரிய கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கை 1926-இல் அறக்கட்டளைக்கு எழுதிவைத்த கதை கோயமுத்தூரில் எல்லோருக்கும் தெரியும். பெயருக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்பதை வைத்தா அந்தக் கல்லூரியை எடை போடுவது?) நிகர்நிலை நிறுவனங்கள் பெயரில் 'பல்கலைக்கழகம்' என்று வெறுமனே போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2017 நவம்பரில் சொல்லிவிட்டது.

காசு விஷயம்: நிகர்நிலையில் என்ஜினியரிங் இடங்கள் அரசு கவுன்சலிங்கில் வராது. கவுன்சலிங்கில், குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் பட்டதாரி சலுகையை அங்கே எதிர்பார்த்து அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது தரவரிசை. நாக் (கல்லூரி, பல்கலைக்கழகங்களை மதிப்பிடும் தேசியக் குழு) தந்துவந்தது ஏ++, ஏ+ என்கிற கிரேடு. முழு நிறுவனத்துக்கும் சேர்த்து, பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு இருப்பது பயோடெக்குக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. 2016 முதல் வெளிவரும் என்ஐஆர்எஃப், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தரவரிசை, ஆண்டுதோறும் மாறும் ரேங்க். அதிலும் ஒட்டுமொத்தம், பல்கலைக்கழகம், பொறியியல் என்று பட்டியல்கள் பல. ஃப்ளெக்ஸில் 10 என்று இருந்தால் எந்தப் பட்டியலில், எந்த வருசம் என்று கேளுங்கள். நூறு மதிப்பெண்ணில் முப்பது ஆராய்ச்சிக்கு, பத்து வெளியே உள்ள பெயருக்கு. பல ஊர்களில் வளாகம் வைத்திருக்கும் நிறுவனம் என்றால், அந்த ரேங்கை வைத்து உங்கள் பிள்ளை சேரப்போகும் வளாகத்தின் வேலைவாய்ப்பைக் கணக்குப் போட முடியாது.

ஆராய்ச்சியில் பேர்போனது என்கிறார்களா? மொத்தம் எத்தனை கட்டுரை என்ற எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் அந்தத் துறையின் பிஎச்.டி. ஆய்வேடுகள் கிடைக்கும். ரெண்டைத் திறந்து, வழிகாட்டியின் பெயரைப் பாருங்கள், அவர் இப்போதும் அங்கே இருக்கிறாரா என்று துறைப் பக்கத்தில் பாருங்கள். பி.டெக். சேர்பவர்களுக்கு இது அவ்வளவு முக்கியமில்லைதான். ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை.

கையேட்டில் கிடைக்காத ஒன்று நாக் குழுவின் அறிக்கையில் கிடைக்கும். கடைசிப் பக்கங்களில் பலம், பலவீனம் என்று பிரித்து எழுதியிருப்பார்கள். பலத்தைத் தாண்டிப் போய்விடுங்கள், அது கையேட்டிலேயே இருக்கிறது. மாமாவுக்கு அந்தப் பலவீனப் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். பேனா வாங்கி மூன்று வரிக்கு அடிக்கோடு போட்டு, மடித்து மண்டிக் கணக்கு நோட்டில் செருகிக்கொண்டார். "இந்த மூணையும் நேர்ல போயி கேட்டுட்டு, அப்பறம் பணங்கட்டறனுங்கோ" என்று பாப்பாவின் அம்மாவுக்குப் போன் போட்டார்.