கொல்லையில் புரோபேன் டேங்க்: குளிர்காலச் செலவைக் கூட்டும் தவறுகள்

அமெரிக்காவில் நகரத்தை விட்டுத் தள்ளி, இரண்டு மூன்று ஏக்கரோடு வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், பள்ளிக்கூடத்தை விசாரிப்பார்கள். கொல்லையில் படுத்திருக்கும் வெள்ளை புரோபேன் கேஸ் டேங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தெருவில் கேஸ் குழாய் வராத அந்த இடங்களில் பல வீடுகளின் ஹீட்டர், சுடுதண்ணீர், அடுப்பு எல்லாம் அந்த டேங்கில்தான் ஓடுகின்றன. முதல் ஜனவரி பில் வரும்போதுதான் அது கண்ணில் படும்.

தீர்ந்ததும் புக் பண்ணிக்கொள்ளலாம் என்ற ஊர்ப் பழக்கம்தான் முதல் தவறு. 500 கேலன் டேங்கில் 400 கேலன்தான் நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டுமே, அதனால் 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்த 400 கேலனே நம்மூர் 14.2 கிலோ சிலிண்டர் கணக்கில் ஐம்பதுக்கு மேல் வரும். டேங்கின் மேல்மூடியைத் தூக்கினால் தெரியும் முள் காட்டுவது சதவீதத்தை. பலர் அதைக் கேலன் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். முள் 30-இல் நின்றால் மிச்சம் 150 கேலன். போன் போட வேண்டிய நேரம் அதுதான். அதற்கும் கீழே போகவிட்டால், பனிப்புயல் வாரத்தில் அவசர டெலிவரிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். சுத்தமாகத் தீர்ந்துவிட்டாலோ, நிரப்பியதோடு வேலை முடியாது. குழாயில் கசிவு இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் மறுபடி பற்றவைக்க வேண்டும். பெரும்பாலும் அதற்கும் காசு உண்டு.

ஆனால் பெரிய பணம் போவது வாங்கும் காலத்தில்தான். 2013 இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் மக்காச்சோளம் ஈரத்தோடு அறுவடைக்கு வந்தது. அதை உலர்த்தும் இயந்திரங்கள் குடிப்பதும் இதே புரோபேனைத்தான். குளிர் தொடங்குமுன்பே கையிருப்பு கரைந்தது. அப்புறம் வந்த கடுங்குளிரில், 2014 ஜனவரி கடைசியில், அங்கே வீட்டு விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டிவிட்டது. முந்தைய அக்டோபரில் அதில் பாதிகூட இல்லை. எல்லா வருடமும் இப்படி ஆகாது. ஆனாலும் கோடையில் டேங்கை நிரப்பி வைத்தவருக்கு ஜனவரிச் சந்தையைப் பற்றிக் கவலை குறைவு.

முன்பணத் திட்டம், விலை உச்சவரம்புத் திட்டம், மாதாமாதம் ஒரே தொகை கட்டும் திட்டம் என்று பலவற்றை விற்கிறார்கள். மாதத் தொகைத் திட்டம் பில்லைப் பரப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதனாலேயே விலை குறைந்துவிடாது. பணம் புரட்ட முடிந்தால் உச்சவரம்புத் திட்டம்தான் எனக்குப் பிடித்தது. விலை ஏறினாலும் வரம்பைத் தாண்டாது, இறங்கினால் பலன் நமக்கு. அதற்காக அவர்கள் வாங்கும் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

டேங்க் யாருடையது என்று கேளாமல் கையெழுத்துப் போடுவது இன்னொரு தவறு. வாடகை டேங்க் என்றால் அதன் சொந்தக்காரக் கம்பெனி மட்டுமே அதில் நிரப்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் 40 சென்ட் குறைவாக வாங்குகிறார் என்று தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. சொந்த டேங்க் என்றால் நாலு கம்பெனியிடம் விலை கேட்கலாம். பராமரிப்பு நம் தலையில்.

கேலன் விலையை எதோடு ஒப்பிடுவது என்பதிலும் குழப்பம் உண்டு. ஒரு கேலன் புரோபேனில் சுமார் 91,500 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் 3,412. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரான ஃபர்னஸின் திறன் 90 சதவீதம் என்றால் ஒரு கேலன் ஏறக்குறைய 24 யூனிட்டுக்குச் சமம். யூனிட் 15 சென்ட் என்றால் 24 யூனிட் 3.60 டாலர். கேலன் 2.50-க்குக் கிடைக்கும்போது, 'கேஸ் விலை அதிகம்' என்று பயந்து அறைக்கு அறை பிளக் ஹீட்டர் வைப்பவர் நஷ்டப்படுகிறார். ஒரே ஒரு அறையில் உட்கார்ந்திருந்து மற்ற இடத்தின் சூட்டைக் குறைத்தால் மட்டும் அது சரி. வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துவரும் ஹீட் பம்ப் கதை வேறு. மிதமான குளிரில் ஒரு யூனிட்டுக்கு இரண்டரை, மூன்று யூனிட் வெப்பம் தரும். அது இருக்கும் வீட்டில் அக்டோபர், நவம்பரை அதில் ஓட்டிவிட்டு, எலும்பைத் துளைக்கும் குளிருக்கு மட்டும் புரோபேனை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வீடு சீக்கிரம் சூடாகட்டும் என்று ஃபர்னஸ் தெர்மோஸ்டாட்டை 80-க்குத் திருகினால் வேகம் கூடாது. நிறுத்த மறந்தால் கேஸ்தான் வீணாகும். இரவிலோ வேலைக்குப் போகும் நேரத்திலோ தினமும் 8 மணி நேரம் 7 முதல் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்து வைத்தால், வருடச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

குளிருக்கு ஓவனைத் திறந்து வைப்பது, புகைப்போக்கிக் குழாயின் வாயைப் பனி மூடினாலும் வாரித் தள்ளாமல் விடுவது, இரண்டும் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதே என்று கேஸ் கசிவுக்கு நிம்மதியாக இருக்காதீர்கள், அது புரோபேனைக் கண்டுபிடிக்காது. புரோபேன் காற்றைவிடக் கனமானது, பேஸ்மென்டில் போய்த் தேங்கும். அதற்கான அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், தூரத்திலிருந்து 911-ஐக் கூப்பிடுங்கள்.