ஸாபிக்ஸில் ஹோஸ்ட்டும் ஹோஸ்ட் குழுவும்: தோட்ட அலுவலக வலையமைப்பைக் கொண்டு ஒரு செய்முறை விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பிற்பகல் இடிமழை விட்டதும் அலுவலகக் கிராணி (எழுத்தர்) முதலில் கேட்பது, "லைன் இருக்கிறதா?" என்பதுதான். அக்கேள்விக்கு ஒவ்வொரு கட்டடமாக நடந்து போய்ப் பதில் தேடாமல், ஒரே திரையில் பார்த்துச் சொல்ல உதவுவது ஸாபிக்ஸ் என்னும் இலவச வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருள். 7.0 பதிப்பை நிறுவி உள்நுழைந்துவிட்ட, ஆனால் அடுத்து எங்கே தொடுவது என்று தெரியாமல் நிற்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கண்காணிக்கப்படும் ஒவ்வொரு கருவியும், அது ரௌட்டரோ சுவிட்ச்சோ எடைமேடைக் கணினியோ சிசிடிவி பதிவுப் பெட்டியோ, ஸாபிக்ஸில் ஒரு 'ஹோஸ்ட்'. ஹோஸ்ட்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம் 'ஹோஸ்ட் குரூப்', அதாவது குழு. குழு இல்லாத ஹோஸ்ட்டை ஸாபிக்ஸ் ஏற்காது. குறைந்தது ஒன்றிலாவது அது இருக்க வேண்டும். விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) ஒவ்வொருவரும் ஒரு மண்டோரின் (மேற்பார்வையாளரின்) கீழ் நிற்பதை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே ஒரே பெயர் இரண்டு மூன்று மண்டோர்களின் கீழும் நிற்கலாம்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குழுவில் சேர்த்தால் அக்குழுவுக்கான சோதனைகள் தாமாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. எதைச் சோதிக்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும் என்பவை டெம்ப்ளேட் என்னும் ஆயத்தச் சோதனைத் தொகுப்பிலிருந்தும், அளவுகளைக் குறித்து வைக்கும் மேக்ரோவிலிருந்தும் வருகின்றன. குழுவின் வேலை வேறு: யார் எதைப் பார்க்கலாம், எதற்கு யாருக்குத் தகவல் போக வேண்டும், பராமரிப்பு நேரத்தில் எவற்றின் எச்சரிக்கையை நிறுத்தி வைப்பது என்பவற்றை அதைக் கொண்டுதான் தீர்மானிக்கிறோம். ஆகவே கருவியின் வகையை மட்டும் பார்த்துக் குழு பிரிப்பதைவிட, பழுதானால் யார் போய்ப் பார்ப்பார் என்பதை வைத்துப் பிரிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முதல் வேலை, குழுக்களை உருவாக்குவது. இடப்பக்கப் பட்டியலில் 'டேட்டா கலெக்‌ஷன்', அதன் கீழ் 'ஹோஸ்ட் குரூப்ஸ்', பிறகு வலப்பக்க மேல்மூலையில் 'கிரியேட் ஹோஸ்ட் குரூப்'. இதை, முழு அதிகாரமுள்ள சூப்பர் அட்மின் கணக்கு மட்டுமே செய்ய முடியும். பெயரில் சாய்கோடு இட்டால் உட்குழு ஆகும்: 'தோட்டம்/அலுவலகம்', 'தோட்டம்/ஆலை', 'தோட்டம்/எடைமேடை'. குழுப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்.

அடுத்தது ஹோஸ்ட். 'டேட்டா கலெக்‌ஷன்', 'ஹோஸ்ட்ஸ்', 'கிரியேட் ஹோஸ்ட்' என்று போனால் படிவம் திறக்கும். 'ஹோஸ்ட் நேம்' கட்டத்தில் ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு ஆகியவை மட்டுமே செல்லும். அதன் கீழுள்ள 'விசிபிள் நேம்' கட்டத்தில் 'எடைமேடைக் கணினி' என்று தமிழில் எழுதலாம். திரையில் தெரிவது இதுதான் என்பதால், தகவலைப் படிப்பவருக்கு உடனே புரியும்.

'டெம்ப்ளேட்ஸ்' கட்டத்தில், தொடக்கத்திற்கு, 'ஐசிஎம்பி பிங்' டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுங்கள். அது நிமிடத்திற்கு ஒருமுறை கருவியைக் கூப்பிட்டுப் பார்த்து, தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் பிரச்சினை என்று அறிவிக்கும். இதற்கு ஸாபிக்ஸ் சர்வரில் 'எஃப்பிங்' என்னும் சிறு நிரல் நிறுவப்பட்டிருக்க வேண்டும். 'ஹோஸ்ட் குரூப்ஸ்' கட்டத்தில் நாம் உருவாக்கிய குழுவைச் சேர்த்து, 'இன்டர்ஃபேசஸ்' பகுதியில் கருவியின் ஐபி முகவரியை, எடுத்துக்காட்டாக 192.168.10.21 என்று இடுங்கள். கணினியில் நிறுவப்படும் ஏஜெண்ட் என்னும் சிறு நிரல் வழியாக என்றால் போர்ட் 10050, ரௌட்டர், சுவிட்ச் போன்றவற்றுக்கான எஸ்என்எம்பி நெறிமுறை வழியாக என்றால் 161. இரண்டும் தாமாகவே நிரப்பப்பட்டிருக்கும்.

கணினியில் ஏஜெண்ட் நிறுவும்போதுதான் கவனம் மிகவும் தேவை. ஏஜெண்ட்டின் அமைவுக் கோப்பில் 'சர்வர்' என்னும் வரியில் ஸாபிக்ஸ் சர்வரின் ஐபியை எழுதாவிட்டால், சர்வர் கேட்கும் கேள்விக்கு ஏஜெண்ட் பதில் தராது. 'ஆக்டிவ்' வகை டெம்ப்ளேட் என்றால், ஏஜெண்ட்தான் சர்வரைத் தேடி வரும். அப்போது 'சர்வர் ஆக்டிவ்' வரியில் அந்த ஐபி இருப்பதோடு, 'ஹோஸ்ட்நேம்' வரியும் நாம் படிவத்தில் இட்ட ஹோஸ்ட் நேமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தோட்டத்து எடைமேடைக் கணினியில் முதல் எழுத்தைப் படிவத்தில் பெரிய எழுத்தாகவும் கோப்பில் சிறிய எழுத்தாகவும் எழுதிவிட்டு, தரவு வராமல் இரண்டு நாள் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். சர்வரின் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பைத் திறந்தபோது, அந்தப் பெயரில் ஹோஸ்ட் இல்லை என்ற வரி நிமிடத்துக்கு நிமிடம் அதில் பதிவாகியிருந்தது. தரவு வரவில்லை என்றால் கேபிளுக்கு முன் லாக்கைப் பாருங்கள்.

செம்பனைக் காட்டைத் தாண்டி ரேடியோ இணைப்பில் இருக்கும் கருவிகளுக்கு இன்னொரு சிறு மாற்றம் வேண்டியிருக்கும். பிங் டெம்ப்ளேட்டில் பாக்கெட் இழப்பு (அனுப்பிய பிங்கில் பதில் வராத பங்கு) எச்சரிக்கையின் எல்லை 20 விழுக்காடு. மழையில் அது அடிக்கடி தாண்டினால், டெம்ப்ளேட்டைத் திருத்தாதீர்கள். அதைப் பயன்படுத்தும் எல்லாக் கருவிகளும் மாறிவிடும். அந்த ஹோஸ்ட்டின் 'மேக்ரோஸ்' பகுதிக்குப் போய், 'இன்ஹெரிட்டட் அண்ட் ஹோஸ்ட் மேக்ரோஸ்' என்பதைத் தேர்ந்து, இழப்புக்கான மதிப்பை அங்கே மட்டும் மாற்றுங்கள்.

ஆலை ரௌட்டர் விழுந்தால், அதாவது பதில் தராமல் போனால், அதன் பின்னாலுள்ள அத்தனை கருவிகளும் விழுந்ததாகத் தகவல் குவியும். இதைத் தவிர்க்க, பின்னாலுள்ள ஒவ்வொரு ஹோஸ்ட்டின் பிங் ட்ரிக்கரையும் (எச்சரிக்கை எழுப்பும் விதியையும்) திறந்து, 'டிபென்டென்சீஸ்' பகுதியில் ரௌட்டரின் பிங் ட்ரிக்கரைச் சேர்த்துவிடுங்கள். ரௌட்டரின் முறைக்கு முன்பே பின்னுள்ள கருவியின் சோதனை முடிந்துவிடலாம் என்பதால், 'ஆக்‌ஷன்' அமைப்பில் தகவலை உடனே அல்லாமல், சற்றுப் பிந்தி வரும் இரண்டாம் கட்டத்தில் அனுப்பச் செய்வது பாதுகாப்பானது.

கிராணி திரையைப் பார்க்க வேண்டும், ஆனால் எதையும் மாற்றக் கூடாது என்றால், 'யூசர்ஸ்', 'யூசர் குரூப்ஸ்' சென்று, அவருடைய பயனர் குழுவின் 'ஹோஸ்ட் பெர்மிஷன்ஸ்' பகுதியில் 'தோட்டம்/அலுவலகம்' குழுவுக்கு 'ரீட்' மட்டும் கொடுங்கள். அனுமதி தராத வரை சாதாரணப் பயனருக்கு எந்த ஹோஸ்ட்டும் தெரியாது. திரை வெறுமையாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

எல்லாம் முடிந்ததும், லாரிகள் வராத நேரமாகப் பார்த்து எடைமேடைக் கணினியின் கேபிளைக் கழற்றுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் 'மானிட்டரிங்' கீழுள்ள 'ப்ராப்ளம்ஸ்' பக்கத்தில் 'எடைமேடைக் கணினி' என்ற பெயர் வர வேண்டும். கேபிளை மீண்டும் மாட்டியதும் அந்த வரி 'ரிசால்வ்ட்' என்று பச்சையாக மாற வேண்டும்.