கும்பகோணம் கடைக்கு ரீல்ஸ் விளம்பரம்: கொள்ளிடத்தையும் மேட்டூரையும் பார்த்துப் போடுங்கள்

இன்ஸ்டாகிராமில் ரீலுக்குக் கீழே இருக்கும் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்தி 500 ரூபாய் கட்டினால் பார்வை எண்ணிக்கை கிடுகிடுவென ஏறும். கல்லாவில் ஒரு மாற்றமும் இருக்காது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ‘புரொஃபைல் விசிட்’ (கணக்குப் பக்கத்தை வந்து பார்ப்பது) என்ற குறிக்கோளை அப்படியே விட்டுவிட்டால், எது கண்ணில் பட்டாலும் தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களையே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் மெட்டாவின் கணினி தேடிப் பிடிக்கும். கேட்டதைத்தான் கொடுக்கிறது. கடைக்கு வேண்டியதோ, மகள் கல்யாணத்துக்குச் சீர் சாமான் வாங்கப்போகும் குடும்பம்.

இங்கே சொல்வதெல்லாம் கும்பகோணத்துப் பாத்திரக்கடை ஒன்றை மனதில் வைத்து. திருபுவனத்துப் பட்டுச்சேலைக்கும் மன்னார்குடி பம்ப்செட் கடைக்கும் மாதமும் ஊரும்தான் மாறும்.

தொடங்கும் முன்

ஃபேஸ்புக் பக்கம் ஒன்று, அதோடு இணைத்த இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்கு, வாட்ஸ்அப் பிசினஸ் போட்ட தனி எண். முதலாளியின் சொந்த எண்ணைக் கொடுத்தால் இரவு பதினொரு மணிக்கும் ‘விலை?’ என்று வரும். தனி சிம் வாங்கி, கடைப் பையன் கையில் இருக்கும் போனில் போடுங்கள்.

விளம்பரத்தை ஆப்பில் போடாமல், கணினியிலோ போன் பிரவுசரிலோ மெட்டாவின் விளம்பரத் தளமான ஆட்ஸ் மேனேஜரைத் திறந்து போடுங்கள். பூஸ்ட் பொத்தானில் இல்லாத பல வசதிகள் அங்கே இருக்கின்றன. ஐபோன் ஆப் வழியாக பூஸ்ட் செய்தால் ஆப்பிளின் சேவைக் கட்டணமும் சேரலாம். ஆட்ஸ் மேனேஜர் ஆறு குறிக்கோள்களைக் காட்டும். ‘என்கேஜ்மென்ட்’ எடுத்து, செய்தி வந்து சேரும் இடமாக வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுங்கள். விளம்பரத்தைத் தட்டுகிறவர் நேராக உங்கள் வாட்ஸ்அப்பில் வந்து நிற்பார்.

பணம் கட்ட, யு.பி.ஐ. வழியாக முன்பணம் ஏற்றுவது தொல்லையில்லாதது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் கூடுதல் அனுமதி விதி வந்த பிறகு, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பது பாதியில் தடைப்படுவது உண்டு. முகூர்த்த வாரத்தில் விளம்பரம் நின்று போயிருப்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. 1000 ரூபாய்க்கு விளம்பரம் ஓட கையிலிருந்து 1180 போகும். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் பணம் செலுத்தும் பகுதியில் பதிந்து வையுங்கள், ஆடிட்டர் உள்ளீட்டு வரியில் கழிக்க உதவும்.

வட்டமும் கொள்ளிடமும்

பலரும் தவறுவது இங்கேதான். ஊர்ப் பெயரைத் தட்டினால் அதைச் சுற்றி ஒரு வட்டம் வரும். நகரத்தின் பெயரை வைத்துப் போட்டால் அந்த வட்டத்தை 17 கிலோமீட்டருக்குக் கீழே குறைக்க முடியாது. வரைபடத்தில் வேண்டிய இடத்தில் ‘டிராப் பின்’ வைத்துக் குத்தினால் 1 கிலோமீட்டரிலிருந்து 80 வரை வைக்கலாம். ஆகவே எப்போதும் பின்.

அந்த வட்டம் காகம் பறக்கும் தூரம். ஆறு குறுக்கே ஓடுவது அதற்குத் தெரியாது. கும்பகோணத்தை நடுவில் வைத்து 30 கிலோமீட்டர் போட்டால் கொள்ளிடத்துக்கு வடகரையில் அரியலூர் மாவட்டத்து ஊர்கள் நிறைய உள்ளே வந்துவிடும். அணைக்கரைப் பாலத்தையும் நீலத்தநல்லூர் பாலத்தையும் ஒட்டிய ஊர்க்காரர்கள் கும்பகோணம் வருவார்கள். பாலத்துக்குத் தள்ளி இருப்பவர் எதிர்க்கரையிலேயே இருந்தாலும் சுற்றிக்கொண்டு வரவேண்டும், வரமாட்டார். பெரிய வட்டம் மேற்கே தஞ்சாவூரையும் தொடும். அங்கே இல்லாத பாத்திரக்கடையா? நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கடைக்காரர் வட்டம் போட்டால் பாதி கடலில் விழும். கடலில் விழும் பாதிக்குக் காசு போகாது, ஆனால் திட்டம் போடும்போது பரப்பளவைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஆகவே ஒரே பெரிய வட்டத்தை விட்டுவிட்டு, டவுன் பஸ் வரும் வழியைப் பார்த்துச் சின்னச் சின்னப் பின்களாக வையுங்கள். கும்பகோணத்துக்கு 10 கிலோமீட்டர். பிறகு பாபநாசம், குடவாசல், ஆடுதுறை, ஜெயங்கொண்டம் ஒவ்வொன்றுக்கும் 6. எல்லாம் ஒரே ‘ஆட் செட்’டுக்குள் (ஊர், வயது, தொகை எல்லாம் சேர்த்து அமைக்கும் ஒரு பிரிவு). வேண்டாத ஊரை விலக்க அதன் மேல் ‘எக்ஸ்க்ளூட்’ பின் வைக்கலாம். கிராமப்புறத்தில் போன் இருப்பிடம் சற்றுத் தள்ளியே காட்டும் என்பதால் 1, 2 கிலோமீட்டர் வட்டங்களால் பயன் குறைவு.

மெட்டா அந்த வட்டத்தில் ‘வசிப்பவர்’களோடு ‘அண்மையில் வந்துபோனவர்’களையும் சேர்த்தே எடுக்கும். நவகிரகச் சுற்றுலா வேன்கள் நாள்தோறும் வந்துபோகும் ஊர் இது. லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் அது வரம். சிமெண்டு விற்பவருக்கு வீண். 2028-இல் மகாமகம் வருகிறது. அந்த வாரத்தில் உள்ளூர் ஆளுக்கு மட்டும் விற்கும் பொருளுக்கு விளம்பரத்தை நிறுத்தி வைப்பதே நல்லது.

மொழிக் கட்டத்தில் ‘தமிழ்’ என்று போடத் தோன்றும். போடாதீர்கள். நம்மூரில் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பவர்கள் ஏராளம், அவர்களை அது வெட்டிவிடும். இருப்பிடம் ஒன்றே போதும். வயது மட்டும் 25-க்கு மேல் என்று வையுங்கள். சீர் சாமான் வாங்கும் முடிவு அம்மாவிடமும் அத்தையிடமும் இருக்கிறது, இருபது வயதுப் பையனிடம் இல்லை.

எப்போது போடுவது

டெல்டாவில் கையில் காசு புரளும் நாளை ஆங்கிலக் காலண்டர் சொல்லாது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலைக் கடைசிக்குத் தள்ளிப் போனது. தண்ணீர் தள்ளினால் நடவு தள்ளும், அறுப்பு தள்ளும், கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வங்கிக்கணக்கில் பணம் ஏறுவதும் தள்ளும். போன வருடத் தேதியை அப்படியே நகலெடுத்து விளம்பரம் போடுவதால்தான் பணம் கரைகிறது.

பம்ப்செட், குழாய், விதை, உரம் விற்பவர் அணை திறப்புச் செய்தி வந்த அன்றே தொடங்க வேண்டும். பாத்திரமும் பட்டும் விற்பவருக்கு அறுப்புக்குப் பின். குறுவைக்குச் செப்டம்பர், அக்டோபர். சம்பாவுக்குத் தை கடைசியிலிருந்து மாசி, பங்குனி. கல்யாணத்துக்குச் சாமான் வாங்குவது முகூர்த்தத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே நடந்துவிடும் என்பதால் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடி பதினெட்டு கழிந்ததும் விளம்பரம் ஓடத் தொடங்க வேண்டும். மார்கழியில் சீர் விளம்பரம் வேண்டாம், பொங்கல் பானைக்கு மாறுங்கள்.

ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் தனிக் கதை. மெட்டாவில் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. பெரிய ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் அந்த வாரங்களில் கொட்டும் பணத்தால் ஒவ்வொரு பார்வைக்கும் விலை ஏறும். அந்த ஏலத்தில் 200 ரூபாயோடு போய் நிற்பதைவிட, அதற்கு இரண்டு வாரம் முன்போ பின்போ போவது மேல்.

ரீல் எடுப்பது

2020 ஜூன் 29-இல் டிக்டாக் தடை வந்து, அடுத்த மாதமே ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்த பிறகு, திரையில் வருவது பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களின் வீடியோதான். பின்தொடர்பவர் 300 பேர்தான் என்று தயங்க வேண்டாம்.

போனை நிமிர்த்திப் பிடித்து 1080×1920 அளவில் எடுங்கள். மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம் இடத்தில் எழுத்து எதுவும் வைக்காதீர்கள். கணக்குப் பெயரும் பொத்தானும் அங்கே வந்து மறைத்துவிடும். விலையைக் கீழ் ஓரத்தில் போட்டுவிட்டு ‘விலையே சொல்லலியே’ என்று திட்டு வாங்கும் கடைகள் பல.

பித்தளையும் எவர்சில்வரும் கண்ணாடி மாதிரி. டியூப்லைட்டும் எதிர்க்கடை போர்டும் எடுப்பவர் முகமும் அதில் தெரியும். காலை ஒன்பது, பத்து மணிக்குக் கடை வாசலருகே, வெயில் நேராக விழாத இடத்தில் குத்துவிளக்கை வையுங்கள். எதிரே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினால் அதன் வெண்மை மட்டும் உலோகத்தில் படிந்து பளபளப்பு அடங்கும். கடைக்குள் எடுத்தால் கறுப்புப் பட்டைகள் ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வருவது அது. கேமராவில் ஷட்டர் வேகத்தை நொடியில் 1/50 அல்லது 1/100 வைத்தால் போய்விடும்.

முதல் மூன்று நொடியில் பொருளும் விலையும் வந்துவிட வேண்டும். ‘வணக்கம் நண்பர்களே’ என்று ஆரம்பித்தால் விரல் மேலே தள்ளிவிடும். நாச்சியார்கோவில் விளக்கென்றால் உயரம் எத்தனை அடி, எடை எத்தனை கிலோ, இன்று கிலோ என்ன விலை. உலோக விலை மாறும் என்பதால் தேதியையும் திரையில் போடுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்பது கெட்ட பழக்கம். வாங்கவே போகாத ஐம்பது பேரைக் கேட்க வைத்து, அந்த ஐம்பதுக்கும் நீங்கள் காசு கட்டுவீர்கள். ஒலியை மூடிவைத்துப் பார்ப்பவர்களுக்காகப் பேச்சைத் தமிழ் எழுத்திலும் போடுங்கள். சில எடிட்டிங் ஆப்களில் ‘கொ’, ‘கை’ எல்லாம் உடைந்து வரும், வெளியிடும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாம். பிசினஸ் கணக்குக்கு அந்த உரிமை பெரும்பாலும் கிடையாது. ஒலி அறுபடும், இல்லையென்றால் விளம்பரமே நிராகரிக்கப்படும். மெட்டாவின் இலவச ஒலித் தொகுப்பு இருக்கிறது. விளக்கைத் தட்டினால் எழும் ‘ணங்’ அதைவிட நன்றாக இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்தவரை

விளம்பரத்தோடு மூன்று கேள்விப் பொத்தான் வையுங்கள்: ‘சீர் செட் என்ன விலை?’, ‘கடை எங்கே?’, ‘வண்டி வச்சு அனுப்புவீங்களா?’. மூன்றுக்கும் பதிலை ‘குயிக் ரிப்ளை’யில் சேமித்துவிடுங்கள். பெரியவர்கள் வாய்ஸ் மெசேஜில் கேட்பார்கள். அவர்களுக்கு வாய்ஸிலேயே, ‘சொல்லுங்கம்மா’ என்று தொடங்கிப் பதில் சொல்லுங்கள். வழி கேட்டால் மேப் இணைப்போடு, மகாமகக் குளத்திலிருந்து எந்தப் பக்கம் என்றும் ஒரு வரி.

‘கல்யாணத் தேதி எப்போ?’ என்று கேட்டு, மாதவாரியாக லேபிள் போடுங்கள். ‘ஆவணி’, ‘தை’ என்று. ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பில் போடும்போதே சேமிக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு, எத்தனை நாள்

நாளுக்கு 200 ரூபாய், ஏழு நாள். 1400, வரியோடு 1652. ஒரு நாள் 200-ஐத் தாண்டி எடுத்தாலும் பதறாதீர்கள், வாரக் கணக்கில் சரிசெய்துவிடும்.

யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று மெட்டாவின் கணினி பழகும் காலம் ‘கற்றல் கட்டம்’. ஒரு ஆட் செட்டுக்கு வாரத்தில் சுமார் 50 பலன்கள் (இங்கே வாட்ஸ்அப் உரையாடல்கள்) கிடைத்தால்தான் அது முடியும். ஒரு உரையாடல் 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 1400-க்கு 35தான் வரும். அந்தக் கொஞ்சப் பணத்தையும் குத்துவிளக்குக்கு ஒன்று, அண்டாவுக்கு ஒன்று, தாம்பாளத்துக்கு ஒன்று என்று மூன்று ஆட் செட்டாகப் பிரித்தால் எதுவுமே கற்காது. ஒரே ஆட் செட், உள்ளே இரண்டு ரீல். நடுவில் ஊரையோ தொகையையோ தினமும் மாற்றினால் கற்றல் முதலிலிருந்து தொடங்கும். ஏழு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இதில் கடினமான வேலை.

பலனை ஆட்ஸ் மேனேஜரில் பார்க்காதீர்கள், கல்லாவில் பாருங்கள். ரீலில் ஒரு அடையாளச் சொல் சொல்லி, அதைக் கடையில் சொன்னால் ஒரு அகல்விளக்கு இலவசம் என்று வையுங்கள். எத்தனை அகல் போனது என்று எண்ணினால் போதும். 1652 செலவில் ஐந்து குடும்பம் வந்தால் ஒரு வருகைக்கு 330 ரூபாய். சீர் செட்டின் லாபத்துக்கு அது கட்டும், ஒற்றை டம்ளருக்குக் கட்டாது.

பக்கம் யார் கையில்

விளம்பரம் போட்டுத் தருகிறேன் என்று வருபவர் பக்கத்தைத் தன் கணக்கில் தொடங்கிவிட்டால், சண்டை வரும் நாளில் பக்கமும் அவரோடு போய்விடும். பக்கம், விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும் பிசினஸ் போர்ட்ஃபோலியோவை முதலாளி பெயரில் தொடங்கி, வந்தவருக்கு விளம்பரம் போடும் அனுமதி மட்டும் கொடுங்கள். கடவுச்சொல் கொடுக்காதீர்கள். ‘காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும்’ என்று மெசஞ்சரில் வருவது திருடன் வேலை, அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். பக்கம் கொஞ்சம் வளர்ந்ததும் ரம்மி, பந்தய ஆப்களுக்கு விளம்பரம் போடச் சொல்லி நல்ல காசோடு ஆள் வரும். பணம் கட்டி ஆடும் விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, மாட்டுவது நீங்கள்.

கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போட்டு, அது தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் வையுங்கள். போன் வாய்க்காலில் விழுந்தால் அந்தத் தாள்தான் வழி.